சாதாரண ரைஃபிளில் தூரத்துக் குறி: துப்பாக்கியின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு?

2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரயில்வே ஊழியரான ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினார். இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் துப்பாக்கி சுடுதலில் ஆசை வைக்கும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, நல்லா அடிக்கிற ரைஃபிள் வாங்க எவ்வளவு ஆகும்?" குறி என்பது காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பல லட்ச ரூபாய் இருந்தால்தான் தூரத்தில் அடிக்க முடியும் என்று நினைத்து, தொடங்கும் முன்பே பாதிப் பேர் விலகிப் போகிறார்கள்.

அந்த எண்ணம் தவறு. இன்றைக்கு ஒரு சாதாரண ஃபேக்டரி ரைஃபிள் தரும் துல்லியம், அதை வைத்திருப்பவர் வெளியே எடுக்கும் துல்லியத்தைவிடப் பல மடங்கு அதிகம். தூரம் கூடக் கூட குறியைக் கெடுப்பது ரைஃபிளைக் காட்டிலும் காற்றும் தோட்டாவும் ஆளும்தான். இதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

முதலில் அளவு. துப்பாக்கிக்காரர்கள் துல்லியத்தை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் பேசுவார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர். 300 மீட்டரில் 8.7. ஆயிரத்தில் 29 சென்டிமீட்டர். இன்னொரு அளவு மில்: 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 1000 மீட்டரில் ஒரு மீட்டர். மீட்டரில் பழகிய நமக்கு மில்தான் சுலபம், மனக்கணக்கிலேயே வந்துவிடும்.

இப்போது ஒரு ஒப்பீடு. உலகப் போட்டிகளில் 300 மீட்டர் ரைஃபிள் குறியின் பத்துப் புள்ளி வளையம் 10 சென்டிமீட்டர் அகலம். அதாவது ஒரு எம்.ஓ.ஏ.வுக்குள் சுடும் ரைஃபிள், பிடிப்பவர் பிழை செய்யாமல் காற்றும் அடங்கியிருந்தால், 300 மீட்டரில் எல்லாக் குண்டையும் அந்த வளையத்துக்குள் போடும். ஒரு எம்.ஓ.ஏ. என்பது இன்று அமெரிக்காவில் சில நூறு டாலருக்கு விற்கும் ரைஃபிள்களிடமே எதிர்பார்க்கப்படும் அளவு.

விலை குறைந்த ரைஃபிள் இப்படிச் சுடுவது நேற்று வந்த மாற்றம் இல்லை. அமெரிக்காவில் சாவேஜ் கம்பெனி 1958-ல் 110 என்ற மாடலைக் கொண்டுவந்தது. நிக்கோலஸ் ப்ரூவர் என்பவர் வடிவமைத்தது. மலிவாகச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். அதில் பேரலை, அதாவது குண்டு வெளிவரும் குழலை, ரிசீவர் என்ற நடு உடல்பகுதியில் திருகி ஒரு நட்டால் பூட்டுவார்கள். தோட்டா உட்காரும் இடத்தின் ஆழத்தை, கைதேர்ந்த தொழிலாளி ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. நட்டை நகர்த்தி, அளவுகோல் வைத்துப் பார்த்து இறுக்கினால் போதும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் தலைப் பகுதியும் தனியாக, கொஞ்சம் அசைந்துகொடுக்கிற மாதிரி இருப்பதால் இரண்டு பக்கப் பூட்டும் தானாகவே சமமாக உட்காரும். செலவைக் குறைக்கச் செய்த இரண்டு ஏற்பாடும் துல்லியத்துக்கும் உதவின. பிறகு கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு எந்திரங்கள் வந்தன. குளிர்ந்த நிலையிலேயே சுத்தியலால் அடித்துக் குழலுக்குள் வரிப்பள்ளம் உருவாக்கும் எந்திரங்களும் பரவின. மனிதக் கை செய்துவந்த நுணுக்க வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டதும் பேரலின் தரத்தில் விலை உயர்ந்ததுக்கும் குறைந்ததுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. 2010-களில் ரூகர் அமெரிக்கன் போன்ற ரைஃபிள்கள் அந்த இடைவெளியை இன்னும் குறைத்தன. இன்று மலிவு ரைஃபிளில் காசு மிச்சம் பிடிக்கப்படுவது தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டையிலும் மேல் பூச்சிலும் மேகசினிலும்தான். பேரலில் ரொம்பக் குறைவு.

நம் நாட்டு நிலவரம் வேறு. இங்கே கடைக்குப் போய் நினைத்ததை வாங்க முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமத்தில் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. நம் பக்கத்தில் உரிமத்தோடு இருப்பவை பெரும்பாலும் தோட்டக் காவலுக்கு வாங்கிய ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அவற்றைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்வது வழக்கம். ரைஃபிள் என்றால் சாதாரண மனிதருக்குக் கிடைத்துவந்தது அரசின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளும், .30-06-ம், .22-ம். புள்ளியோடு தொடங்கும் எண், குழலின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்வது.

அந்த .315-ன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுப்பாட்டால், லீ என்ஃபீல்டு ரைஃபிளின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஆஸ்திரிய மான்லிக்கர் வகைத் தோட்டாவுக்கு ஏற்ற குழலைப் பொருத்தினார்கள். கனமான, வேகம் குறைந்த குண்டு. தூரம் போகப் போக வேகமாகக் கீழே இறங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு 600 மீட்டர், 1000 மீட்டர் என்று கனவு காண்பது அந்தத் தோட்டாவுக்கு நியாயம் இல்லை. ஆனால் 100 மீட்டரில் அதைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும். பழைய லீ என்ஃபீல்டு பற்றி ஒரு சுவாரசியமான விஷயமும் உண்டு. அதன் போல்ட் பின்பக்கம் பூட்டுவதால் சுடும்போது ரிசீவர் சற்று நெளியும், பேரல் முனை மேலும் கீழும் ஆடும். வேகம் குறைந்த குண்டு கொஞ்சம் தாமதமாக, முனை கூடுதலாக உயர்ந்திருக்கும் நேரத்தில் வெளியேறும். அந்தக் கூடுதல் உயரம், வேகக் குறைவால் வரும் இறக்கத்தைத் தூரத்தில் ஈடுகட்டிவிடும். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 900, 1000 கெஜத்தில் லீ என்ஃபீல்டு நான்காம் மாடலைப் பலர் விரும்பி வைத்திருந்ததற்கு இது ஒரு காரணம். நெளிகிற அமைப்பு குறை என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தத் தூரத்தில் அது கைகொடுத்தது.

சரி, கையில் ஒரு சாதாரண ரைஃபிள் இருக்கிறது. அது என்ன அடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் நிறையப் பேர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். மூன்று குண்டு சுடுவார்கள், மூன்றும் ஒட்டி விழுந்தால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த மூன்று விரிந்து விழுந்தால் "கை ஆடிவிட்டது" என்று ஒதுக்குவார்கள். பல கம்பெனிகளும் மூன்று ஷாட் குரூப்பை, அதாவது மூன்று குண்டும் விழுந்த பரப்பின் அகலத்தை வைத்துத்தான் உத்தரவாதம் தருகின்றன. ஆனால் கணிதம் வேறு சொல்கிறது. குண்டுகள் விழுவது தற்செயலான சிதறல்; எண்ணிக்கை கூடும்போது ஒன்றுக்கொன்று அதிகம் விலகி விழுந்த இரண்டு குண்டுகளுக்கு இடையே உள்ள தூரமும் கூடத்தான் செய்யும். மூன்று மூன்றாகச் சுட்டு எடுத்த சராசரி 3 சென்டிமீட்டர் என்றால், அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே ஆள், ஐந்து ஐந்தாகச் சுட்டால் சராசரி சுமார் 3.8 வரும். பத்துப் பத்தாகச் சுட்டால் 4.7. ரைஃபிளில் எதுவும் மாறவில்லை; உண்மை கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பத்து ஷாட்டை ஒரே தாளில் போட்டு, எதையும் தள்ளாமல் அளப்பவருக்குத் தன் ரைஃபிள் தெரியும். தோட்டா விலையைப் பார்த்தால் இது வலிக்கும். ஆனால் மூன்று ஷாட்டை நம்பி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் திருகித் திருகி வீணாக்கும் தோட்டா அதைவிட அதிகம்.

மலிவு ரைஃபிள் குறியைத் தவறவிடும் இடங்கள் சிலவே. முதலாவது கட்டை. பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதி மெலிதாக இருக்கும். மணல் பையில் அழுத்தி வைத்தாலோ ஸ்லிங் என்ற வாரை இழுத்துப் பிடித்தாலோ வளைந்து பேரலைத் தொடும். சுடும்போது பேரல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கட்டை ஒரு முறை தொட்டு ஒரு முறை தொடாவிட்டால் குண்டு போகும் இடம் மாறும். ஒரு பத்து ரூபாய் நோட்டை பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு ரிசீவர் வரை தடையில்லாமல் இழுத்துப் பார்க்கலாம். ரைஃபிளை வழக்கமாகச் சுடும் நிலையில், எடை கொடுத்து வைத்தே பார்க்க வேண்டும். சும்மா கையில் தூக்கிப் பார்த்தால் இடைவெளி இருப்பதாகத்தான் தெரியும்.

இரண்டாவது திருகாணிகள். ரிசீவரைக் கட்டையோடு பிடித்திருக்கும் திருகாணியும், ஸ்கோப் மவுண்ட்டின் திருகாணியும் அளவு பார்த்து இறுக்கப்பட வேண்டியவை. கட்டையின் திருகாணிக்கு, தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்து, சுமார் 4 முதல் 7 நியூட்டன் மீட்டர்; ஸ்கோப் ரிங்குக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவுதான். கைக்கு வந்த வரை முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். விட்டுவிட்டால் பத்து ஷாட்டில் தளரும். "ரைஃபிள் திடீர்னு குறி மாறிட்டு" என்று வருகிற புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்தத் திருகாணிகளைத்தான். இந்த வேலைக்கு ஒரு சிறிய டார்க் ரெஞ்ச் போதும். கட்டையைச் செதுக்குவது, ட்ரிகரைத் தேய்ப்பது போன்றவற்றை உரிமம் பெற்ற ஆயுதக் கடை மிஸ்திரி கையில் விட்டுவிட வேண்டும். ட்ரிகரில் தவறாக ஒரு தேய்ப்பு போதும், போல்ட்டை மூடும்போதே வெடிக்கும்.

மூன்றாவது சாய்வு. ரைஃபிளை மூன்று பாகை சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு ஸ்கோப்பில் 10 மில் ஏற்றி வைத்திருந்தால், அந்த மூன்று பாகை குண்டைப் பக்கவாட்டில் அரை மீட்டர் தள்ளிவிடும். 100 மீட்டரில் ஏற்றம் எதுவும் இல்லாததால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். தூரம் போனதும் வெளியே வரும். ஸ்கோப்பில் ஒட்டும் சிறு ரசமட்டம் இதற்கு முழு மருந்து. காசும் அதிகம் இல்லை.

அப்புறம் தோட்டா. வெளிநாட்டில் தூரத்துக்குச் சுடுபவர்கள் வெற்றுக் கூட்டில் தாங்களே வெடிமருந்து அளந்து நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே உரிமம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. அதனால் நம்மிடம் இருக்கும் ஒரே வழி, பெட்டியில் அச்சடித்திருக்கும் லாட் நம்பரை, அதாவது ஒரே தொகுதியாகத் தயாரானதைக் காட்டும் எண்ணைப் பார்த்து வாங்குவது. ஒரே லாட்டில் தோட்டாக்களின் வேகம் நெருக்கமாக இருக்கும். லாட் மாறினால் குறி நகரும், சிதறலும் மாறும். .30-06 வகைத் தோட்டாவில் குண்டின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் கூடிக் குறைந்தால் 300 மீட்டரில் மேல் கீழாக ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். அதே 10 மீட்டர் வேக வித்தியாசம் ஆயிரம் மீட்டரில் 30 சென்டிமீட்டருக்கு மேல் வரும். 300-ல் தெரியாத குறை ஆயிரத்தில் ஏன் பூதமாகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. நம் வெயிலும் இதில் சேரும்: தோட்டாப் பெட்டியைச் சித்திரை வெயிலில் வைத்துவிட்டால் மருந்து சூடேறி வேகம் கூடும். பெட்டி நிழலில் இருக்க வேண்டும். தோட்டாவைச் சூடான பேரலுக்குள் ஏற்றிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கவும் கூடாது.

ரைஃபிளை அசையாமல் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சம்பவம் ஒன்று உண்டு. 1860-ல் விம்பிள்டனில் இங்கிலாந்தின் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கிவைத்தார் விக்டோரியா மகாராணி. விட்வர்த் ரைஃபிள் ஒன்றை இரும்புத் தாங்கியில் பூட்டி, 400 கெஜத்துக்குக் குறிவைத்து, ட்ரிகரில் ஒரு கயிற்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் கயிற்றை இழுத்தார். குண்டு மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தது. அவர் குறிபார்க்கவே இல்லை. அந்த விட்வர்த் ரைஃபிள், அன்றைய ராணுவ ரைஃபிளான பழைய என்ஃபீல்டைத் தூரத்தில் வென்றும், விலை பல மடங்கு என்பதால் பிரிட்டிஷ் ராணுவத்தில் பொது ஆயுதமாகவில்லை. துல்லியமும் விலையும் சேர்ந்தே போகும் என்ற எண்ணத்துக்கு அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது.

இனி காற்று. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இதுதான்.

.30-06, .308 வகை நல்ல குண்டு ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம். குறுக்கே வீசும் காற்றை நொடிக்கு ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால் 300 மீட்டரில் குண்டு சுமார் 4 சென்டிமீட்டர் விலகும். ஆயிரம் மீட்டரில் சுமார் 70 சென்டிமீட்டர். ஒரு எம்.ஓ.ஏ. ரைஃபிளை விற்றுவிட்டு, நாலு மடங்கு விலையில் அரை எம்.ஓ.ஏ. ரைஃபிள் வாங்கினால் கிடைப்பது என்ன? ஆயிரம் மீட்டரில் சிதறல் வட்டத்தின் ஆரம் 14 சென்டிமீட்டரிலிருந்து 7 ஆகக் குறையும். ஏழு சென்டிமீட்டர் லாபம். காற்றில் ஒரு மீட்டர் தவறினால் எழுபது சென்டிமீட்டர் நட்டம். நொடிக்கு ஒரு மீட்டர் என்பது முகத்தில் உணரக்கூடப் போதாத காற்று. ஆக, பணத்தை எங்கே போடுவது, உழைப்பை எங்கே போடுவது என்பதற்குப் பதில் இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

காற்றைப் படிப்பதில் திருநெல்வேலிச் சீமையைவிட நல்ல பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டுகிறது. முப்பந்தல், பணகுடி, காவல்கிணறு வட்டாரத்தில் காற்றாலைகள் காடுபோல நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் நொடிக்கு 10 மீட்டர் என்பது அங்கே அதிசயமே இல்லை. உவரி, கூடங்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் போனால் மதியத்துக்கு மேல் கடல் காற்று வேறு திசையிலிருந்து எழும். தை, மாசியில் விடியற்காலை அசைவே இருக்காது. ஒரே சீமையில் ஒரே வருடத்துக்குள் இவ்வளவு வகைக் காற்றையும் பார்த்துவிடலாம்.

காற்றாலையைப் பார்த்துக் கணக்குப் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. திசைக்கு ஓரளவு உதவும். வேகத்துக்கு உதவாது. அதன் இறக்கை பல பத்து மீட்டர் உயரத்தில் சுழல்கிறது. அங்கே காற்று தரையைவிட வேகம். குண்டு போவது தரைக்குச் சில மீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும்: உடை மரத்தின் நுனி, பனையின் காவோலை, வண்டிப் பாதையில் எழும் புழுதி. எல்லாவற்றையும்விட நம் ஊர் வெயில் தருகிற பெரிய உதவி கானல். ஸ்கோப்பின் ஃபோகஸைக் குறிக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் கானல் அலையலையாக ஓடுவது தெரியும். நேராக மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். ஒன்று காற்றே இல்லை, அல்லது நேர் எதிரிலிருந்தோ பின்னாலிருந்தோ வீசுகிறது. சாய்ந்து ஓடினால் மெல்லிய காற்று. படுத்துக் கிடையாக ஓடினால் நொடிக்கு ஐந்து, ஆறு மீட்டரைத் தொட்டிருக்கும். அதற்கு மேல் வேகம் கூடினாலும் கானல் அதே மாதிரிதான் தெரியும், அப்போது கொடியையும் புழுதியையும்தான் நம்ப வேண்டும்.

திசையும் கணக்கில் சேரும். செங்குத்தாகக் குறுக்கே வீசினால் முழுக் காற்று. குண்டின் பாதைக்கு முப்பது பாகை கோணத்தில் வந்தால் பாதி. நாற்பத்தைந்து பாகையில் பாதி என்று பலர் நினைப்பார்கள். அது ஏழு பங்கு, பத்தில். வழி நெடுகக் காற்று ஒரே மாதிரி இல்லையென்றால் சுடுபவருக்கு அருகில் உள்ள காற்றுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே திரும்பிய குண்டு மீதித் தூரம் முழுக்க அந்தக் கோணத்திலேயே விலகிக்கொண்டு போகும்.

காற்று குண்டை எப்படித் தள்ளுகிறது என்பதிலும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. குண்டு பறக்கும் நேரம் முழுவதும் காற்று தள்ளுகிறது, அதனால் பறக்கும் நேரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. காற்றே தடுக்காத வெற்றிடத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுகிற தாமதத்தைத்தான் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். வேகத்தைவிட, வேகத்தை எவ்வளவு இழக்கிறது என்பதே விலகலைத் தீர்மானிக்கிறது.

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு வருகிறது. .22 தோட்டாவில் ஒலியைவிட மெதுவாகப் போகும் வகையும் உண்டு, ஒலியை மிஞ்சும் வேக வகையும் உண்டு. நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் கிளம்பும் மெதுவான குண்டு 100 மீட்டரை வெற்றிடத்தில் 0.3125 நொடியில் கடக்கும். காற்றில் சுமார் 0.335 நொடி. தாமதம் 0.0225 நொடி. காற்று நொடிக்கு 4.5 மீட்டர் என்றால் விலகல் 10 சென்டிமீட்டர். 380 மீட்டரில் கிளம்பும் வேகமான குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டி இறங்கும்போது எதிர்ப்பு அதிகமாகி வேகத்தை நிறைய இழக்கும். அதன் விலகல் 14 சென்டிமீட்டர் அளவுக்குப் போய்விடும். வேகமான தோட்டாதான் காற்றில் அதிகம் நகர்கிறது. கடையில் "ஹை வெலாசிட்டி" என்று எழுதிய பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பவர் குறிக்குப் பாதகத்தை வாங்குகிறார்.

இதே .22-தான் நம் பிள்ளைகளுக்கு வழி. பெரிய ரைஃபிளில் 300 மீட்டரில் படிக்க வேண்டிய காற்றுப் பாடத்தின் பெரும்பகுதியை .22-ல் 100 மீட்டரில் படித்துவிடலாம். 50 மீட்டரில்கூடப் படிக்கலாம்: அங்கே பத்து வளையத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் காற்றைக் கவனிக்காமல் விட்டால், மையத்துக்குப் போக வேண்டிய குண்டு வளையத்தின் விளிம்புக்குப் போய்விடும். இன்னும் சிக்கனமாகத் தொடங்க ஏர் ரைஃபிள் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாள, முகவரிச் சான்றுகள் கொடுத்து வாங்கலாம். பெல்லட் லேசானது, காற்றில் படாத பாடு படும். 50 மீட்டரில் ஏர் ரைஃபிளை வைத்துக் காற்றைப் படித்தவர் .22-க்கு வரும்போது பதற்றமே இல்லாமல் வருவார். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் என்.சி.சி.யில் சேர்ந்து .22 பிடித்தவர்களுக்குப் படுத்துச் சுடும் நிலையும் மூச்சைப் பாதியில் நிறுத்தும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் அவர்களுக்குத் தேவை, ஒவ்வொரு ஷாட்டுக்கும் காற்று எப்படி இருந்தது, குண்டு எங்கே விழுந்தது என்று எழுதி வைக்க ஒரு நோட்டு.

எங்கே சுடுவது என்பதில் சமரசமே கூடாது. .22 குண்டு தவறிப் போனால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் போகும்; .30-06 பல கிலோமீட்டர். தேரி மணலும் வற்றிய குளமும் ஆள் இல்லாத வெளியாகத் தெரியலாம். ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் எந்த வெளியிலும் இருப்பார்கள், பாறையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் குண்டுக்குத் திசை கிடையாது. உரிமம் இருக்கிறது என்பதற்காகக் கண்ட இடத்தில் சுட அனுமதி கிடையாது. களக்காடு முண்டந்துறைப் பக்கத்து ஊர்களில் காட்டுப்பன்றி வாழையையும் நெல்லையும் அழிக்கிற வேதனை எனக்கும் தெரியும். ஆனால் 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது; பன்றிப் பிரச்சினை வனத்துறை கையாள வேண்டியது. குறி பழகுவது தாளில்தான்.

பொதுமக்கள் முறையாகப் பழக மதுரை, திருச்சி, கோவை போன்ற ஊர்களின் ரைஃபிள் கிளப்புகளை நாட வேண்டியிருக்கிறது. இத்தகைய கிளப்புகளின் தளங்கள் பெரும்பாலும் ஒலிம்பிக் தூரங்களான 10, 25, 50 மீட்டரைக் கொண்டவை. இந்தியாவின் தேசிய ரைஃபிள் சங்கம் 1951-ல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் மவலாங்கர் பெயரில் நடக்கும் போட்டிகள் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற ஒரு வழி. அந்த ஏணியில் பெரிய ரைஃபிளுக்கான 300 மீட்டர் பிரிவும் இருக்கிறது. ஆனால் ராதாபுரத்திலோ வள்ளியூரிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பிரிவு எட்டாத உயரத்தில் இருப்பதற்குக் காரணம் ரைஃபிளின் விலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து ஷாட் குரூப்பை ஒரு எம்.ஓ.ஏ.வுக்குப் பக்கத்தில் வைக்கிற ரைஃபிளைக் கிளப்பில் பொதுவாக வாங்கி வைக்கலாம், பத்துப் பேர் மாறி மாறிச் சுடலாம். இல்லாதது இடம். கிளப்பின் 50 மீட்டர் தளத்துக்குப் பின்னால் இன்னொரு 50 மீட்டர், குண்டு தாண்டாத உயரத்துக்கு ஒரு மண் மேடு, இருபது மீட்டருக்கு ஒன்றாகத் துணிக்கொடி, ஆடி மாதத்திலும் மூடாத கதவு. காவல்கிணற்றுக் காற்று வீசும் பக்கமாக அப்படி ஒரு தளம் அமைந்தால், அங்கே .22-ல் பழகிய பிள்ளைகளை 300 மீட்டரில் மற்ற ஊர்க்காரர்கள் தேடி வந்து பார்ப்பார்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதும் பெற்றோர்கள் சிந்தடிக் ஓடுதளத்தோடு இந்த நூறு மீட்டரையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.